டர்பன்ல நம்ம ஏரியா ஹைஸ்கூலை சரி பண்ணணும்னா: புதுசா வந்த அம்மா அப்பாக்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்குப் புதுசா வர்ற நம்ம ஊர்க் குடும்பங்க எல்லாரும் என்கிட்ட முதல்ல கேக்குறது ஒண்ணுதான், "அக்கா, பக்கத்துல இருக்குற ஹைஸ்கூல்ல போடலாமா, இல்ல டவுன் பக்கம் பெரிய ஸ்கூலா பாக்கணுமா?" 2021 கடைசில திருநெல்வேலில இருந்து டர்பன்ல உள்ள சாட்ஸ்வொர்த்துக்கு வந்தப்போ நானும் இதையேதான் கேட்டுட்டு அலைஞ்சேன். எங்க தெருவுலயே நாலு வீட்டுப் பிள்ளைங்க விடியக்காலை அஞ்சரைக்கு லிஃப்ட் கிளப் வண்டி ஏறி தூரத்து ஸ்கூலுக்குப் போகுதுங்க, நடந்தா எட்டு நிமிஷத்துல ஒரு செகண்டரி ஸ்கூல் இருக்கு, அதுக்கு யாரும் நல்ல வார்த்தை சொல்லல. கடைசில எங்க வீட்டுக்காரர் சம்பளத்துக்கு அந்தப் பக்கத்து ஸ்கூல்தான் கட்டுப்படியாச்சு, பையனை 2022ல கிரேட் 8ல சேத்தோம்.

சேத்த ரெண்டாவது வாரம் ஸ்கூலுக்குள்ள போய்ப் பாத்தேன். சயின்ஸ் லேப் பூட்டிக் கிடக்கு, ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா பெஞ்சு மேல பீக்கர் பெட்டிங்க பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்காம அடுக்கி வெச்சிருக்கு, மேல தூசி. பசங்க டாய்லெட்ல ஆறு பைப்ல ஒண்ணுலதான் தண்ணி. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், அடுத்த நாள்ல இருந்து விசாரிக்க ஆரம்பிச்சேன். இந்த நாட்டுல அரசாங்க ஸ்கூலை நடத்துறதுல பெற்றோருக்குப் பெரிய பங்கை சட்டமே குடுத்திருக்கு, 1996ல வந்த ஸ்கூல்ஸ் ஆக்ட்ல அது தெளிவா இருக்கு. நமக்குத்தான் எந்தக் கதவைத் தட்டணும், எந்த மாசம் தட்டணும்னு தெரியல. எனக்கு அது புரியவே ரெண்டு வருஷம் போயிடுச்சு, உங்களுக்கு அந்த ரெண்டு வருஷம் வீணாகக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

1. சேக்குறதுக்கு முன்னாடி ரிசல்ட்டைப் படிக்கக் கத்துக்குங்க

ஜனவரில மேட்ரிக் (இங்க பன்னெண்டாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை) ரிசல்ட் வந்ததும் எல்லார் வாயிலயும் ஒரே ஒரு சதவீதம்தான் ஓடும். 2024 மேட்ரிக்ல நாடு முழுக்க 87.3 சதவீதம் பாஸ், நம்ம மாகாணம் குவாஸுலு நட்டால்ல 89.5. கேக்க நல்லா இருக்கும், ஆனா இதை மட்டும் வெச்சு ஒரு ஸ்கூலை எடை போட்டுடாதீங்க. இங்க பாஸ்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். ஏழு பாடத்துல ஹோம் லாங்வேஜ்ல 40, இன்னும் ரெண்டு பாடத்துல 40, வேற மூணுல 30 வாங்கிட்டா சர்டிஃபிகேட் கைக்கு வந்துடும். யுனிவர்சிட்டில டிகிரி படிக்கணும்னா அது பத்தாது, பேச்சலர் பாஸ்னு ஒண்ணு வேணும், அதுக்கு லைஃப் ஓரியன்டேஷன்ங்கிற வாழ்க்கைத் திறன் பாடத்தை விட்டுட்டு நாலு பாடத்துல 50ஆவது இருக்கணும். அதனால ஸ்கூல்ல கேக்க வேண்டிய கேள்வி "எத்தனை சதவீதம் பாஸ்" இல்ல, "எத்தனை பேர் பேச்சலர் பாஸ்"ங்கிறதுதான்.

பேசிக் எஜுகேஷன் டிபார்ட்மென்ட் வருஷா வருஷம் ஸ்கூல் வாரியா ஒரு ரிப்போர்ட் போடுறாங்க, இலவசமா டவுன்லோட் பண்ணலாம், எத்தனை பேர் எழுதினாங்க எத்தனை பேர் தேறினாங்கன்னு மூணு வருஷத்துக்கு ஒரே வரில இருக்கும். பாட வாரியாவும் தனியா ஒரு ரிப்போர்ட் இருக்கு. ரெண்டையும் எடுத்து வெச்சுக்கிட்டு ரெண்டு விஷயம் மட்டும் பாருங்க. ஒண்ணு, மேத்ஸ் எழுதினவங்க எத்தனை பேர். இன்னொண்ணு, இந்த வருஷம் மேட்ரிக் எழுதினவங்க எண்ணிக்கையையும் ரெண்டு வருஷம் முன்னாடி கிரேட் 10ல எத்தனை பேர் இருந்தாங்கங்கிறதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, கிரேட் 10 கணக்கை ஸ்கூல் ஆஃபீஸ்ல கேட்டாத்தான் கிடைக்கும். கிரேட் 10ல 160 பேர் இருந்து மேட்ரிக்ல 80 பேர்தான் எழுதியிருந்தா, அந்த ஸ்கூல் 95 சதவீதம் பாஸ்னு சொன்னாலும் அதுக்கு அர்த்தமே வேற. மிச்சப் பிள்ளைங்க எங்க போச்சுன்னு கேக்கணும்.

2. அட்மிஷன்: பேப்பர் என்ன, எதுக்குப் பணம் குடுக்கக் கூடாது

நான் போட்டப்போ நேர்ல போய் ஃபார்ம் வாங்கித்தான் குடுக்க வேண்டியிருந்தது. கிரேட் 8க்கு முந்தின வருஷமே அப்ளை பண்ணணும், ஜனவரில போய் நின்னா மிச்சம் இருக்குற இடம்தான். பிள்ளையோட பர்த் சர்டிஃபிகேட், பழைய ஸ்கூலோட கடைசி ரிப்போர்ட், இங்கயே வேற ஸ்கூல்ல படிச்சிருந்தா டிரான்ஸ்ஃபர் கார்டு, உங்க பாஸ்போர்ட் இல்லன்னா ஐடி, பிள்ளையோட விசா காப்பி, வீட்டு விலாசத்துக்கு எத்தெக்வினி (டர்பன் மாநகராட்சி) தண்ணி லைட் பில். நாம வாடகை வீட்டுல இருப்போம், பில்லு ஓனர் பேர்ல இருக்கும், அதனால வாடகை அக்ரிமென்டும் ஓனர்கிட்ட ஒரு அஃபிடவிட்டும் வாங்கிக்குங்க. காப்பியில சர்டிஃபைடுன்னு முத்திரை போடுறதும் அஃபிடவிட்ல கையெழுத்து வாங்குறதும் போலீஸ் ஸ்டேஷன்ல இலவசம், ஒரிஜினலைக் கையில கொண்டு போகணும், மூணு மாசத்துக்கு மேல பழைய முத்திரைன்னா பல ஆஃபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால ரொம்ப முன்னாடியே போட்டு வெச்சுக்காதீங்க.

விசா பேப்பர் இன்னும் வரலன்னு பிள்ளையை வீட்டுல உக்கார வெச்சிருக்குற குடும்பங்களைப் பாத்திருக்கேன், மனசு கேக்கல. 2019 டிசம்பர்ல மக்காண்டா ஹைகோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, பேப்பர் இல்லங்கிற காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் ஸ்கூல் வெளியில நிறுத்தக் கூடாதுன்னு. ஹோம் அஃபேர்ஸ்ல (விசா, ஐடி குடுக்குற துறை) அப்ளை பண்ணின ரசீதைக் காட்டுங்க, இந்தத் தீர்ப்பை மரியாதையா எடுத்துச் சொல்லுங்க.

இப்போ பணம். நான் முதல்ல போன ஒரு ஸ்கூல்ல ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்னு 1500 ரேண்ட் கேட்டாங்க, நானும் குடுத்துட்டேன், இடமும் கிடைக்கல, பணமும் திரும்பி வரல. அரசாங்க ஸ்கூல் எதுவும் ஸ்கூல் ஃபீஸைத் தவிர ரெஜிஸ்ட்ரேஷன், அட்மினிஸ்ட்ரேஷன்னு எந்தப் பேர்லயும் பணம் வாங்கக் கூடாதுன்னு ஆக்ட்லயே இருக்கு. அட்மிஷனுக்குப் பரீட்சை வைக்கவும் கூடாது. ஃபீஸ் கட்ட முடியலங்கிறதுக்காக இடம் இல்லன்னு சொல்லவும் கூடாது. யாராவது கேட்டா "எழுத்துல குடுங்க, நான் வீட்டுல காட்டிட்டு வர்றேன்"னு சொல்லுங்க, அதுக்கப்புறம் பெரும்பாலும் பேச்சு மாறிடும்.

3. ஃபீஸ் குறைக்கக் கேக்குறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல

ஸ்கூல்களை ஏழ்மைக் கணக்குல அஞ்சு குவின்டைலாப் பிரிச்சிருக்காங்க, 1ல இருந்து 3 வரைக்கும் ஃபீஸ் கிடையாது, 4, 5ல ஃபீஸ் உண்டு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஃபீஸ் வாங்குற ஸ்கூல் நிறைய.

எக்ஸெம்ப்ஷன் கணக்கு சுலபம்தான், யாரும் சொல்லித் தர மாட்டாங்க அவ்வளவுதான். வருஷ ஃபீஸோட ஸ்கூல் புரோகிராமுக்குன்னு கட்டுற கூடுதல் பணத்தையும் சேத்துக்குங்க, அதை அம்மா அப்பா ரெண்டு பேரோட வருஷ மொத்த வருமானத்தால வகுத்து நூறால பெருக்குங்க. 10 அல்லது அதுக்கு மேல வந்தா முழு விலக்கு, 2க்குக் கீழ வந்தா விலக்கே இல்ல, நடுவுல வந்தா பிள்ளைங்க எண்ணிக்கையைப் பொறுத்து அட்டவணைப்படி ஒரு பங்கு குறையும். ஒரு ஸ்கூல்ல ஃபீஸ் 9000 ரேண்ட், கூடுதல் 600ன்னு வெச்சுக்குவோம், மொத்தம் 9600. வீட்டு வருமானம் வருஷத்துக்கு 1,80,000ன்னா 5.33 வருது, அப்போ பாதி வழியில இருக்கீங்க, கண்டிப்பா அப்ளை பண்ணணும். சைல்ட் சப்போர்ட் கிராண்ட்னு அரசாங்க உதவித்தொகை வாங்குற பிள்ளைக்கும் ஃபாஸ்டர்ல வளர்ற பிள்ளைக்கும் தானாவே விலக்கு உண்டு, உங்க பக்கத்து வீட்டு ஆன்டிக்கு இது தெரியாம இருக்கலாம், சொல்லுங்க.

அப்ளிகேஷனை எஸ்ஜிபி (ஸ்கூலை நிர்வகிக்கிற குழு, அடுத்த பகுதில சொல்றேன்) சேர்மன் பேருக்கு எழுத்துல குடுங்க, சேலரி ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் இணைச்சு. வாங்கினதுக்கு உங்க காப்பில தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்காம அங்க இருந்து நகராதீங்க. 30 நாளுக்குள்ள அவங்க முடிவு பண்ணணும், முடிவு சரியில்லன்னா தகவல் வந்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள மாகாணக் கல்வித்துறைத் தலைவருக்கு அப்பீல் போடலாம். இன்னொண்ணு, ஃபீஸ் பாக்கின்னு பிள்ளையோட ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கவோ, வகுப்புல, விளையாட்டுல சேக்காம ஒதுக்கி வைக்கவோ யாருக்கும் அதிகாரம் இல்ல.

4. எஸ்ஜிபி: உண்மையான சாவி இங்கதான் இருக்கு

எஸ்ஜிபின்னா ஸ்கூல் கவர்னிங் பாடி. நம்ம ஊர்ல பெற்றோர் ஆசிரியர் கழகம்னு சுதந்திர தினத்துக்கு மிட்டாய் குடுத்துட்டுப் போறதுன்னு நெனச்சுக்காதீங்க, இது வேற. ஃபீஸ் எவ்வளவுன்னு பெற்றோர் முன்னாடி பட்ஜெட் வைக்கிறது, ஸ்கூல் பேங்க் அக்கவுன்ட், பிள்ளைங்களுக்கான கோட் ஆஃப் கான்டக்ட், கூடுதலா ஒரு வாத்தியாரை ஸ்கூல் காசுலயே வேலைக்கு வைக்கிறது எல்லாம் இவங்க கையில. பிரின்சிபால், டீச்சர்ஸ், மத்த ஸ்டாஃப், மேல் வகுப்புப் பிள்ளைங்க பிரதிநிதி எல்லாரும் இருப்பாங்க, ஆனா ஓட்டு உள்ள மத்த எல்லாரையும் கூட்டினா வர்ற எண்ணிக்கையை விட பெற்றோர் ஒருத்தர் அதிகமா இருக்கணும். சேர்மனும் பெற்றோர்ல இருந்துதான் வரணும். அதாவது பெற்றோர் ஒத்துமையா வந்து உக்காந்தா ஓட்டுல தோக்கவே முடியாது. எங்க ஸ்கூல்ல பிரச்சனை என்னன்னா பாதி பெற்றோர் மெம்பருங்க மீட்டிங்குக்கே வர்றதில்ல.

எலெக்‌ஷன் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மார்ச் மாசம். 2021, 2024ல நடந்தது, அந்தக் கணக்குப்படி அடுத்தது 2027. நாமினேஷன் ஃபார்ம்ல உங்களை முன்மொழியறவரும் வழிமொழியறவரும் அந்த ஸ்கூல் பெற்றோராவே இருக்கணும், நான் 2024ல ஃபார்ம் நிரப்பும்போது எங்க கோவில்ல பழக்கமான ஒரு அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன், அவர் பிள்ளை போன வருஷமே முடிச்சுட்டுப் போயிடுச்சு, கடைசி நாள் சாயங்காலம் ஃபார்ம் திரும்பி வந்துடுச்சு, மழையில ஓடிப் போய் இன்னொரு வீட்டு அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிக் கொண்டு குடுத்தேன். நீங்க முன்னாடியே பாத்துக்குங்க. ஓட்டுப் போட நேர்ல போகணும். முதல் கூட்டத்துக்கு பெற்றோர் லிஸ்ட்ல 15 சதவீதம் பேராவது வரணும், வரலன்னா கூட்டம் தள்ளிப் போகும், அடுத்த கூட்டத்துல எத்தனை பேர் வந்தாலும் நடத்திடுவாங்க, அங்கதான் நாலு பேர் சேந்து ஸ்கூலையே கையில எடுத்துடுறது நடக்குது. அதனால முதல் கூட்டத்துக்கே தெருவுல உள்ள எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க.

நிக்கிறதுக்கு நல்ல ஆள் யாருன்னா கிரேட் 8, 9 பிள்ளையோட அம்மா அப்பா. மேட்ரிக் பிள்ளை வெச்சிருக்குறவங்க ஜெயிச்சா வருஷக் கடைசில பிள்ளை வெளிய போனதும் அவங்க பதவியும் போயிடும். அந்த ஸ்கூல்ல வேலை பாக்குறவங்க பெற்றோர் பிரதிநிதியா நிக்க முடியாது. சம்பளம் எதுவும் கிடையாது.

5. எலெக்‌ஷன் இல்லாத வருஷத்துல வந்தா என்ன பண்றது

கமிட்டில சேருங்க. ஃபைனான்ஸ், மெயின்டனன்ஸ், ஃபண்ட்ரெய்சிங்னு எஸ்ஜிபி கமிட்டி வைக்கலாம், அதுல எஸ்ஜிபி மெம்பரா இல்லாதவங்களும் இருக்கலாம், தலைவர் மட்டும் மெம்பரா இருக்கணும். கணக்கு தெரிஞ்சவங்க, கட்டிட வேலை தெரிஞ்சவங்களை ஓட்டு இல்லாம எஸ்ஜிபிலயே கோ-ஆப்ட் பண்ணியும் எடுக்கலாம். நான் 2023ல மெயின்டனன்ஸ் கமிட்டி வழியாத்தான் உள்ள போனேன். அங்க என்னை முதல்ல கூப்பிட்டு உக்கார வெச்சது எழுபது வயசு தாண்டின ஒரு பாட்டிம்மா, பேரனை வளர்க்குறாங்க, நாலஞ்சு வார்த்தைதான் தமிழ் வரும், "வாம்மா, உக்காரு, தண்ணி குடி"ன்னு சொல்லிட்டு மிச்சம் எல்லாம் இங்கிலீஷ். ஸ்கூல்ல எந்தப் பைப் எங்க போகுதுன்னு அவங்களுக்கு மனப்பாடம். இந்த ஊர் ஆளுங்க நம்மளை வெளியாளா பாப்பாங்கன்னு பயந்துக்கிட்டு ஒதுங்கி நிக்காதீங்க, வேலை செய்ய வந்தா சேத்துக்குவாங்க.

6. பட்ஜெட் மீட்டிங்: இதை மட்டும் தவற விடாதீங்க

இது ஒண்ணை மட்டும் படிச்சுட்டு மத்ததை விட்டாலும் பரவாயில்ல.

ஸ்கூலோட கணக்கு வருஷம் ஜனவரி 1ல இருந்து டிசம்பர் 31. அடுத்த வருஷ பட்ஜெட்டையும் ஃபீஸையும் பெற்றோர் பொதுக்கூட்டத்துல வெச்சு ஓட்டெடுக்கணும், எங்க ஸ்கூல்ல அது அக்டோபர் கடைசி, நவம்பர்ல வரும். 30 நாள் முன்னாடி நோட்டீஸ் வரணும். கூட்டத்துக்கு 14 நாள் முன்னாடில இருந்து பட்ஜெட்டை ஸ்கூல்ல யார் வேணும்னாலும் பாக்கலாம். அன்னிக்கு வந்து ஓட்டுப் போடுறவங்கள்ல பெரும்பான்மை என்ன சொல்லுதோ அதுதான் முடிவு, வராதவங்களுக்கும் சேத்து. எங்க ஸ்கூல்ல 900 பிள்ளைங்க, 2022 கூட்டத்துக்கு வந்தது 61 பேர். அந்த 61ல நானும் இருந்தேன், ஆனா பட்ஜெட்டை முன்னாடி போய்ப் பாக்கல, புரொஜெக்டர்ல ரெண்டு நிமிஷம் காட்டிட்டு "எல்லாருக்கும் சம்மதமா"ன்னாங்க, கை தூக்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த வருஷம் அந்த 14 நாளுக்குள்ள ரெண்டு தடவை போனேன், நோட்டும் பேனாவும் எடுத்துட்டு. அப்போதான் தெரிஞ்சுது, போட்டோகாப்பிக்கு ஒதுக்கினது லேபுக்கு ஒதுக்கினதை விட பல மடங்கு. லேப் வரில வெறும் கோடு. பெட்டியைப் பிரிக்காததுக்குக் காரணம், கேஸ் லைன் செக் பண்ணி சர்டிஃபிகேட் வாங்கினாத்தான் இன்ஷூரன்ஸ்காரங்க ஒத்துக்குவாங்க, அதுக்கு ஆகுற செலவை யாரும் பட்ஜெட்ல போடல. அவ்வளவுதான் விஷயம். கூட்டத்துல எந்திரிச்சு அந்த ஒரு வரியை மட்டும் கேட்டேன், கை நடுங்குச்சு, இங்கிலீஷும் தடுமாறுச்சு, ஆனா பின்னாடி இருந்து இன்னொரு அப்பா "அவங்க கேக்குறது சரிதானே"ன்னார். 2024 பட்ஜெட்ல அந்த வரி ஏறுச்சு, ரெண்டாவது டெர்ம்ல லேப் திறந்தாங்க.

நீங்க போகும்போது இதைக் கேளுங்க: போன வருஷம் ஒதுக்கினது எவ்வளவு, உண்மையில செலவானது எவ்வளவு, எஸ்ஜிபி சம்பளம் குடுக்குற டீச்சர் எத்தனை பேர், எந்தப் பாடம், எத்தனை குடும்பத்துக்கு ஃபீஸ் விலக்கு, ரிப்பேருக்கு எவ்வளவு, அதுல டாய்லெட்டுக்கு எவ்வளவு. ஆடிட் பண்ணின கணக்கு வருஷம் முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள கல்வித்துறைக்குப் போகணும், அதாவது ஜூன் கடைசிக்குள்ள. அந்தக் கணக்கைப் பாக்கணும்னு கேட்டா எஸ்ஜிபி காட்டியே ஆகணும். கேக்குறதை சண்டை மாதிரி கேக்காதீங்க. நம்ம பிள்ளை நாளைக்கும் அதே டீச்சர் முன்னாடிதான் உக்காரணும்.

7. குறையை வாயால சொல்லாதீங்க, எழுதுங்க

கேட்ல நின்னு பேசினதெல்லாம் காத்தோட போயிடும். பாட விஷயம்னா முதல்ல பாட டீச்சர், அப்புறம் அந்தப் பாடத்தோட ஹெச்ஓடி, அப்புறம் பிரின்சிபால், அதுக்கப்புறம் எஸ்ஜிபி சேர்மன், அதுக்கும் மேல சர்க்யூட் மேனேஜர் (நம்ம ஏரியா ஸ்கூல்களைப் பாத்துக்குற கல்வித்துறை அதிகாரி), டிஸ்ட்ரிக்ட் ஆஃபீஸ். படி தாண்டிப் போனா திருப்பிக் கீழதான் அனுப்புவாங்க, ஒரு மாசம் வீண். ஒவ்வொரு கடிதத்துலயும் தேதி, என்ன நடந்துச்சு, என்ன வேணும், எந்தத் தேதிக்குள்ள பதில் வேணும், இந்த நாலும் இருக்கட்டும், ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். போட்டோ எடுத்து இணைங்க.

எங்க பையனுக்கு கிரேட் 9ல ஆறு வாரம் மேத்ஸ் டீச்சரே இல்ல, லீவுல போனவங்களுக்குப் பதில் ஆள் வரல. நாங்க பன்னெண்டு பெற்றோர் சேந்து, பிள்ளைங்க நோட்டுல கடைசியா எந்தத் தேதில பாடம் நடந்துச்சுன்னு பக்கத்தைப் போட்டோ எடுத்து, ஒரே கடிதமா குடுத்தோம். நோட்டுல இருக்குற தேதியை யாராலயும் மறுக்க முடியல. பத்து நாள்ல ஆள் வந்தாங்க.

பிள்ளையை அடிச்சா அது வேற விஷயம், அடிக்கிறதை ஆக்ட் தடை பண்ணியிருக்கு, அதுக்கு எஜுகேட்டர்ஸ் கவுன்சில், அதான் சேஸ், அங்கயே நேரா புகார் குடுக்கலாம். ஆவணம் கேட்டு ஸ்கூல் தரவே இல்லன்னா தகவல் அறியும் சட்டம் இங்கயும் உண்டு, 2000ல வந்தது, எழுதிக் கேட்டா 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும்.

ரிசல்ட் மோசம்னு கல்வித்துறை அடையாளம் காட்டின ஸ்கூல்னா, ஒவ்வொரு வருஷ ஆரம்பத்துலயும் பிரின்சிபால் படிப்பை எப்படி உயர்த்தப் போறோம்னு ஒரு பிளான் எழுதி எஸ்ஜிபில வைக்கணும், ஜூன் 30க்குள்ள எவ்வளவு நடந்துச்சுன்னும் சொல்லணும். இது நிறைய பேருக்குத் தெரியாது. உங்க ஸ்கூல் அப்படி ஒண்ணுன்னா எஸ்ஜிபி மெம்பரைப் பாத்து "இந்த வருஷ பிளான் வந்துச்சா"ன்னு கேளுங்க, கேள்வி ஒண்ணே போதும்.

8. மேத்ஸா, மேத்ஸ் லிட்ரசியா

கிரேட் 9 மூணாவது டெர்ம்ல ஒரு பேப்பர் வரும், கிரேட் 10க்குப் பாடம் தேர்ந்தெடுக்கணும்னு. மேத்ஸ் இல்லன்னா மேத்ஸ் லிட்ரசி (அன்றாட வாழ்க்கைக்கான சுலபமான கணக்கு), ரெண்டுல ஒண்ணு கட்டாயம். ரெண்டுக்கும் பேரு ஒண்ணு போலத்தான் இருக்கும், நம்ம ஆளுங்க ஏமாந்துடுவாங்க. மேத்ஸ் லிட்ரசி எடுத்தா இன்ஜினியரிங், மெடிசின் கதவு அங்கயே மூடிடும். ஸ்கூலோட பாஸ் சதவீதம் குறையக் கூடாதுன்னு சுமாரா படிக்கிற பிள்ளைங்களைக் கொத்தா லிட்ரசிக்குத் தள்ளுற பழக்கம் பல இடத்துல இருக்கு. பிள்ளைக்கு நிஜமாவே மேத்ஸ் வரலன்னா லிட்ரசி ஒண்ணும் அவமானம் இல்ல, ஆனா அந்த முடிவை நீங்களும் பிள்ளையும் உக்காந்து பேசி எடுங்க, ஃபார்ம்ல டிக் போட்டு வந்ததை அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பாதீங்க.

ரிப்போர்ட்ல 4ன்னு இருந்தா பயந்துடாதீங்க, அது 50ல இருந்து 59 வரைக்கும், 7ங்கிறது 80க்கு மேல. பெரும்பாலான பாடத்துக்கு மேட்ரிக் மார்க்ல 25 சதவீதம் வருஷம் முழுக்க ஸ்கூல்ல செய்யுற வேலைக்கு, 75 கடைசிப் பரீட்சைக்கு.

டியூஷனுக்கு மாசம் ஆயிரம் ரேண்ட் குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க: பழைய கேள்வித்தாள், விடைத்தாளோட, டிபார்ட்மென்ட் சைட்ல இலவசம், மைண்ட் தி கேப்னு ஸ்டடி கைடும் இலவசம், சியாவுலா மேத்ஸ், சயின்ஸ் புத்தகமும் அப்படித்தான். சனிக்கிழமை காலைல ஸ்கூல்லயே ஒரு ரூமைத் திறந்து விடச் சொல்லி எஸ்ஜிபிகிட்ட கேட்டோம், பேங்க்ல வேலை பாக்குற ஒரு அப்பாவும் ரிட்டயர் ஆன ஒரு டீச்சரும் மாறி மாறி வர்றாங்க. பிரிண்ட் எடுக்குற செலவு மட்டும்தான்.

தமிழும் இதே வழிதான். இந்த நாட்டு அரசியல் சட்டத்துல 6ஆவது பிரிவுல தமிழுக்குப் பேர் சொல்லி இடம் இருக்கு, மதிச்சு வளர்க்கணும்னு. ஆனா டைம்டேபிள்ல ஒரு புதுப் பாடம் நுழைக்கிறது ரொம்ப நாள் பிடிக்கும், முதல்ல ஸ்கூல் முடிஞ்சு ஒரு மணி நேரம் ரூம் கேளுங்க, இருபது பிள்ளைங்க வந்து உக்காந்தப்புறம் பேச்சு சுலபமாகும்.

9. வெளியில இருந்து பணம் கொண்டு வரணும்னா

கேக் வித்து வர்ற பணம் கர்ட்டனுக்குத்தான் பத்தும். கம்பெனிங்ககிட்ட போறதுக்கு முன்னாடி ஸ்கூலுக்கு சார்ஸ்கிட்ட, அதான் வரித்துறைகிட்ட, 18ஏங்கிற நன்கொடை வரிச்சலுகை அனுமதி இருக்கான்னு கேளுங்க, அது இருந்தா குடுக்குறவங்களுக்கு அவங்க வரிக்கு உட்பட்ட வருமானத்துல 10 சதவீதம் வரைக்கும் கழிவு கிடைக்கும், இல்லன்னா பல கம்பெனி ஃபைலையே தொட மாட்டாங்க. எங்க ஸ்கூலுக்கு இது வாங்கவே ஒரு வருஷத்துக்குப் பக்கம் ஆச்சு.

பணம் எப்பவும் ஸ்கூல் பேங்க் அக்கவுன்ட்டுக்குத்தான் போகணும், யாரோட சொந்த அக்கவுன்ட்லயும் வேண்டாம், கையில வாங்கி வெச்சுக்கவும் வேண்டாம், நல்ல மனுஷங்க பேரு கெட்டுப் போறது இங்கதான். வேலைக்கு மூணு கொட்டேஷன். உங்க சொந்தக்காரர் கொட்டேஷன் குடுத்திருந்தா அதைச் சொல்லிட்டு அந்தப் பேச்சு முடியுற வரைக்கும் ரூமை விட்டு வெளிய போயிடுங்க. எஸ்ஜிபி தன்னிஷ்டத்துக்கு லோனோ ஓவர்டிராஃப்டோ வாங்க முடியாது, மாகாணக் கல்வி அமைச்சரோட எழுத்து அனுமதி வேணும். சின்ன ரிப்பேர் ஸ்கூல் பாத்துக்கலாம், கூரை, சுவர், பெரிய பிளம்பிங்னா டிபார்ட்மென்ட்டுக்கு எழுதணும்.

யூனிஃபார்ம் ஒரே கடையிலதான் வாங்கணும்னு இருந்தா அதையும் எஸ்ஜிபில கேளுங்க. பிளேசர்ல பேட்ஜை மட்டும் ஸ்கூல்ல வாங்கி, துணியை எங்க வேணும்னாலும் வாங்கிக்கலாம்னு மாத்தினதுல எங்க தெருவுலயே பல வீட்டுக்கு மூச்சு வந்துச்சு.

10. எந்த மாசம் எது

ஜனவரி: மேட்ரிக் ரிசல்ட், ரிசல்ட் மோசமான ஸ்கூல்னா பிரின்சிபாலோட பிளான். மார்ச்: எலெக்‌ஷன் வருஷம்னா நாமினேஷன், இல்லன்னா கமிட்டிக்குக் கடிதம். ஜூன் கடைசி: ஆடிட் கணக்கு, பிளான் இருந்தா அது எவ்வளவு நடந்துச்சுங்கிற ரிப்போர்ட். மூணாவது டெர்ம்: கிரேட் 9 பாடத் தேர்வு, செப்டம்பர்ல மேட்ரிக் டிரயல் பரீட்சை. அக்டோபர், நவம்பர்: பட்ஜெட் நோட்டீஸ்.

அந்த நோட்டீஸ் பெரும்பாலும் பிள்ளை பை அடியில கசங்கிக் கிடக்கும், அக்டோபர்ல தினமும் பையைத் திறந்து பாருங்க. கிடைச்ச அன்னிக்கே காலண்டர்ல ரெண்டு தேதி குறிச்சு வைங்க, கூட்டம் நடக்குற நாள் ஒண்ணு, அதுக்கு 14 நாள் முன்னாடி ஒண்ணு. அந்த 14 நாள் முன்னாடி தேதில ஸ்கூல் ஆஃபீஸுக்குக் காலைல பத்து மணிக்குள்ள போயிடுங்க, மத்தியானம் ஆனா பிள்ளைங்க கூட்டம், செக்ரட்டரிக்கு உங்ககூட உக்கார நேரம் இருக்காது. பசங்க டாய்லெட் பைப்ல இப்போ நாலுல தண்ணி வருது, மிச்ச ரெண்டுக்கும் அடுத்த பட்ஜெட்ல கேட்டிருக்கோம்.